கல்க்

ஓல்ட்டன் மருத்துவமனையில்
என் தோளைப் படம் பிடித்த டொக்டரின் பெயர் அம்மன்.
சுவிஸ்காரி. குடும்பப் பெயர் அது.
சிரிப்பை அடக்கிக் கை கொடுத்தேன்,
இடக்கையை. வலது எழும்பாது.

திரையில் வெள்ளையாய் ஒரு பொட்டு.
பதினொரு மில்லிமீட்டர்.
"கல்க்" என்றா.
நம்முடைய கல்லின் வாலில் ஒரு க் ஒட்டிய சொல்.
எனக்குப் பழக்கம்தான்.
முதியோர் இல்லத்துக் கோப்பி மெஷினுக்குள்
மாதம் இருமுறை நான் ஊற்றும் புளித்த தண்ணீர்,
அந்தப் போத்தலில் சிவப்பாய் எழுதியிருக்கும்.
யூரா மலை கரைந்து குழாயில் வருகிற ஊர்.
கேத்தலின் அடியில், ஷவரின் கண்களில்,
பல்செட் ஊறும் கிண்ணத்தில்,
தண்ணீர் எங்கே நின்று யோசிக்கிறதோ
அங்கே படியும்.
பத்தொன்பது வருஷம் அதைச் சுரண்டிய கை
தனக்கும் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டதா?
கேட்டேன்.
தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை,
ஏன் வருகிறதென்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது என்றா.
அம்மனுக்கே தெரியாதென்றால்
யாரிடம் போய்க் கேட்பது.

அதே கிழமைதான் மற்றக் கடிதமும் வந்தது:
இடுப்பெலும்பில் சுண்ணாம்புச் சத்துக் காணாதாம்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
என் உடம்பு அதையும் மிஞ்சிவிட்டது.
சுண்ணாம்பு கேட்ட இடத்துக்கு இல்லையென்று சொல்லி
கேளாத இடத்தில் கொட்டி வைத்திருக்கிறது.

உள்சட்டைக் கொக்கியை இப்போது நவநீதன் பூட்டிவிடுகிறார்.
இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக
அவிழ்ப்பதற்கல்லாமல்.
கண்ணாடியில் பார்த்தேன்,
நாக்கைக் கடித்துக்கொண்டு
ஊசியில் நூல் கோக்கிறவர் போல.

புதன்கிழமை ஊசி.
உப்புநீரை உள்ளே விட்டு விட்டு உறிஞ்சினா.
குழலுக்குள் திரைந்த பாலாய்க் கலங்கி வந்தது.
கல்லென்றுதான் நினைத்திருந்தேன்.
பற்பசை.
மூன்று மணிக்கு என்னை எழுப்பி
கட்டில் விளிம்பில் உட்காரவைத்தது
இதுதானா?
தொட்டு வெற்றிலையில் பூசலாம் போல அவ்வளவு மெது.

முழுதும் வரவில்லை.
மிச்சம் தானாய்க் கரையும், அல்லது கரையாது.

இன்று ஏழாம் அறை ஷ்டூடெலி அம்மா
தன் கேத்தலைத் திறந்து காட்டினா,
முட்டையோடு மாதிரி வெள்ளைச் செதில்.
வலக்கையைத் தூக்கினேன்.
காதுவரை வந்தது.
போத்தல் அதற்கும் மேல்தட்டில்.
இடக்கையால் எடுத்தேன்.