முக்கால் பை

இரண்டாம் அலை வடிந்து பத்து நாள்.
அட்டையில் செருகிய தாளோடு வந்தாள் ஒரு மாணவி.
இருபது கேள்வி, இருபது நிமிஷம், பெயர் வேண்டாம் என்றாள்.
பெயரில்லாமல் உட்கார்ந்தேன்
மருந்து டிராலிக்கும் மூடாத ஜன்னலுக்கும் நடுவே.

நோயாளி கழற்றிய முகக்கவசம் எந்தப் பையில்?
மஞ்சள்.
கையுறை, சலைன் டியூப்?
சிவப்பு.
ஊசி?
வெள்ளை டப்பா, துளைக்க முடியாதது.
பை எதுவரை நிரம்பலாம்?
முக்கால்.
தொற்று வார்டில் எத்தனை பை?
ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு,
மேலே ஒரு சதவீத ஹைப்போ.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்,
தூக்கம் என்று ஒன்று இருந்தால்.

பன்னிரண்டாவதுதான் வேறு மாதிரி.
எப்போதும், சில சமயம், ஒருபோதும் இல்லை.
'எப்போதும்' கட்டத்தில் டிக் போட்டேன்.
மை உடனே காய்ந்துவிட்டது.

மே மாதம்.
தண்டையார்பேட்டை ரோட்டில் ஆம்புலன்ஸ்கள்
லாரித் தண்ணிக்குக் குடம் போட்ட மாதிரி வரிசையில் கிடந்தன.
ஸ்டோரில் மஞ்சள் பை தீர்ந்து மூன்று நாள்.
கறுப்புப் பையில் வெள்ளைத் தாள் ஒட்டி
ஸ்கெட்ச் பேனாவால் 'மஞ்சள்' என்று எழுதினோம்.
அழகாக எழுதியது நான்.

விடியற்காலை மூன்றேகால்.
கவச உடைக்குள் வேர்வை முழங்காலைத் தாண்டி இறங்க,
கண்ணாடியில் ஆவி படிந்து எல்லாமே பனிக்குள் இருக்க,
பதினோராம் கட்டில்காரர் மூச்சுக்குத் தவித்தார்.
நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை குத்தினேன்.
வெள்ளை டப்பா நாலு கட்டில் தள்ளி இருந்தது.
நாலே கட்டில்.

ஆறு மணிக்குத் துளுக்காணம் வந்தான்.
ஒப்பந்த ஆள், கொடுங்கையூர்.
கைக்குப் பெரிய கையுறை,
மணிக்கட்டில் ரப்பர் பேண்ட்.
அவன் பை தூக்குவதே தனி.
கழுத்தைப் பிடிப்பான், அடியில் கை கொடுக்க மாட்டான்.
தொடையில் உரசாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து
லேசாக உலுக்கிக் காது கொடுப்பான்.
"கண்ணாடின்னா பேசிடும் சிஸ்டர்.
ஊசிதான் ஊமை."

அன்றைக்குப் பை வாய்வரை பிதுங்கியிருந்தது.
முடிச்சுப் போட அமுக்கினான்.
கையை இழுத்துக்கொண்டான்.
"எறும்பு கடிச்சாப்ல கீது."

பிதுக்காதே, தண்ணியில் காட்டு, சோப்புப் போடு:
குழாயடியில் எல்லாம் சரியாகச் சொன்னேன்.
ரெஜிஸ்டரில் எழுதணும் என்றும் சொன்னேன்.
"எழுதினா நாளைலேர்ந்து வராதன்னுவான் மேஸ்திரி.
வுடு சிஸ்டர்."
விட்டேன்.

ஆறாம் வாரம் அவன் ரத்தம் எடுத்தது நான்தான்.
ஒன்றும் இல்லை என்று வந்தது.
மூன்றாம் மாதத்து டெஸ்ட் பாக்கி.
அன்றுதான் கேட்டான்,
பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே.
வீட்டிலேயே படுத்திருந்தவர்களின் முகக்கவசமெல்லாம்
காசிமேட்டு மீன் செதிலோடு கலந்து
அவன் தெருவுக்குப் பின்னால் மேட்டில் கொட்டுகிறதாம்.
அவன் பெண்சாதி அங்கேதான் பாட்டில் பொறுக்குகிறாள்.
"அதுக்கு இன்னா கலரு சிஸ்டர்?"

மாணவி அவனையும் விடவில்லை.
காரிடாரில் நிறுத்திப் படித்துக் காட்டினாள்.
நீலத்தைச் சிவப்பு என்றான்,
வெள்ளையைத் தெரியாது என்றான்.
ஏழு மார்க் தேறலாம்.
"ஊசி குத்தியிருக்கா அண்ணே, எப்பவாவது?"
"இல்லம்மா" என்றான்
என்னைப் பார்த்து.

தாளைத் திரும்ப வாங்கினேன்.
பன்னிரண்டில் டிக்கை அடித்துவிட்டு
பக்கத்துக் கட்டத்தில் போட்டேன்.
"அடிச்சுத் திருத்தினா கணக்குல சேராது மேடம்.
வேற தாள் தரட்டுமா?"

கீழே குப்பை வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
துளுக்காணம் பைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தான்,
ஒவ்வொன்றையும் ஒருமுறை உலுக்கி.
கொடு என்றேன்.