முப்பத்தேழு சதவீதம்

முப்பத்தேழில் நின்றது.
முந்தாநாளும் முப்பத்தேழு.
நேற்று மட்டும் நாற்பத்தொன்று வரை போய்
ஆசை காட்டிவிட்டு
நீலமாய் விழுந்தது.

திரையில் ஒரு சோக முகம்.
'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்கிறது.
ஏதோ!
நாரின் நகரத்துச் சந்தை மாடியில்
பதினோரு வருடமாகக் கணினி பிரிக்கிறேன்.
இந்த 'ஏதோ'வுக்குத்தான் எனக்குக் கூலி.

பெட்டி கால்நடை டாக்டர் தொலொகோனுடையது.
ஆறாயிரத்துச் சொச்சம் ஆடுகளின் காதுவில்லை எண்கள்,
எதற்கு எப்போது ஊசி போட்டது,
எல்லாம் பழைய வட்டில் பத்திரம்.
கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.
அவர் நம்பவில்லை.
தினமும் காலையில் வந்து கதவருகே நின்று
'என் ஆடுகள்?' என்று மட்டும் கேட்கிறார்.
தொப்பியைக் கழற்றுவதில்லை.

முதலில் பென்டிரைவைச் சந்தேகித்தேன்.
அழித்து மறுபடி எழுதினேன்.
முப்பத்தேழு.
பிறகு புது வட்டை.
பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ் டிரைவரின் மடியில்
கடனுக்கு வந்தது அது.
இன்னொன்றை மாட்டினேன். முப்பத்தேழு.
பிறகு மின்சாரத்தை:
பக்கத்து அறையில் பெர்மெட்
இஸ்திரிப் பெட்டியைச் சொருகும்போதெல்லாம்
என் விளக்கு மங்கும்.
ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இரு என்று
சத்தம் போட்டேன்.
கசங்கிய சட்டைகளின் நடுவே
அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
முப்பத்தெட்டு.
பிறகு சோக முகம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ராத்திரி ரேம் சோதனையை ஓடவிட்டேன்.
கறுப்புத் திரை, வெறும் எண்கள்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
அடுப்பு அணைந்தது, அறை விறைத்தது,
கோட்டுக்குள் கோட்டாக நான் தூங்கிப்போனேன்.
விடியும்வரை ஒரு பிழை இல்லை.
காலையில் அடுப்பு மூட்டி
டீ கொதித்து
ஜன்னல் பனி ஒழுகத் தொடங்கியபோது
சிவப்பில் ஒரு வரி.
அப்புறம் ஒன்பது.
அப்புறம் எண்ணவில்லை.

குளிரில் யோக்கியன்,
சூடு ஏறினால் பொய் சொல்பவன்.
இப்படி ஒருத்தனோடு
நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.
அது வேறு கணக்கு.

ரேம் இரண்டு, இடுக்கு இரண்டு.
ஒன்றைப் பிடுங்கினேன். ஓடியது.
மாற்றிச் சொருகினேன். விழுந்தது.
மற்றதையும் அங்கே சொருகினேன். அதுவும் விழுந்தது.
முதல் இடுக்கில் இரண்டும் உண்மை பேசின.
ஆக, குற்றம் சாட்சிகளிடம் இல்லை,
அவர்களை நிறுத்திய கூண்டில்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக் குனிந்தேன்.
இடுக்கின் அடியில்
இமை மயிரை விட மெல்லியதாய் ஒன்று.
ஊசி முனையால் தூக்கினேன்.
வந்துகொண்டே இருந்தது, பிறகு சுருண்டது.
விரலில் பிசுக்கு.
முகர்ந்தேன்:
ஆட்டு ரோமம்.

போன இலையுதிர் காலத்தில்
கூடுதல் ரேம் மாட்டத் தானே பெட்டியைத் திறந்ததாக
தொலொகோன் ஒப்புக்கொண்டார்.
'பட்டியிலிருந்து நேராக வந்தேன்,
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.'
'எந்த ஆடு?' என்றேன் கிண்டலாக.
அவர் நிஜமாகவே அதை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
'குட்டி' என்றார்.
'இன்னும் ஒரு கத்தரிப்புக்கூட ஆகாதது.'

துடைத்தேன், சொருகினேன், தொடங்கினேன்.
முப்பத்தைந்து.
முப்பத்தாறில் பக்கத்து அறையில் இஸ்திரி சொருகும் ஓசை.
விளக்கு மங்கியது.
இருவரும் மூச்சு விடவில்லை.
முப்பத்தேழு
முப்பத்தேழு
முப்பத்தேழு
முப்பத்தெட்டு.

நாற்பத்திரண்டில்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன்.
சொல்ல வந்ததைத் தொண்டையில் தேடிக்கொண்டிருந்தேன்.
'எட்டுச் சட்டை பாக்கி' என்றாள் பெர்மெட்
திரும்பிப் பார்க்காமல்.
'அந்த மூலையில் இருப்பதை
உதறிக் கொடு.'