பத்தாவது இடம்

டிசம்பர் முப்பது. ஈசூனில் மழை.
ஒன்பது படங்களை வரிசையாக்கிவிட்டேன்;
மூன்றும் நான்கும் மட்டும்
இன்னும் நாற்காலி மாற்றிக்கொண்டிருக்கின்றன.

பத்தாவது,
பீச் ரோட்டில் செவ்வாய் இரவு, கடைசிக் காட்சி.
திரையில் ஒருத்தி மீன் செதில் சுரண்டுகிறாள்
ஏழு நிமிடம். பேச்சில்லை, இசையில்லை.
குப்பைப் பையோடு எட்டிப்பார்த்த நோர்லைலா,
பெயர் சட்டையில் குத்தியிருந்தது,
படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.
"இப்படிப் பிடித்தால் கை அறுபடும்"
மலாயில் சொன்னார்,
என்னிடமா, திரையிடமா.

வியாழக்கிழமை எடுத்துவிட்டார்கள்.

"அதையெல்லாம் எவன் பார்த்தான்?" என்கிறான் முகிலரசன்.
இரண்டு பேர்.
கடைசி ரயில் போய்விட்டது அன்றைக்கு,
டாக்சிக்கு இருபத்தெட்டு வெள்ளி.
அதையும் மதிப்பெண்ணில் கூட்டிக்கொண்டு
ஒவ்வொரு வரியாக
மேலே நகர்த்துகிறேன்.