எங்க போறீக

முதல் நாள் கும்பகோணத்தில் கேட்ட டீக்கடைக்காரரிடம்
கன்னியாகுமரி என்று சொன்னேன்.
ஆற்றுவதை நிறுத்திச் சைக்கிளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
தனியாவா என்றார்.
என் முதுகு அன்று நேராக இருந்தது.

இரண்டாம் நாள் கந்தர்வகோட்டை தாண்டி எதிர்க்காற்று.
கேட்டவர்களுக்கு மதுரை என்றேன்.
தனியாவா?
ஆமா.

மூன்றாம் நாள்
திருமயம் கோட்டை பின்னால் போக மறுக்கிறது.
எவ்வளவு மிதித்தாலும்
தோளுக்கு மேல் அதே பாறை.
பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடிக்கும்போது
காரைக்குடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுண்டுவிரல் இரண்டும் மரத்துவிட்டன.
உட்காருவதற்கென்று தனி எலும்பு இருப்பது
முப்பத்தெட்டு வருடமாகத் தெரியாது.
தேங்காயெண்ணெயை எங்கே தடவினேன்
என்பதை எழுதப்போவதில்லை.

கானாடுகாத்தானுக்குள் திரும்பியது நிழலுக்காக மட்டும்.
ஒரு வீட்டின் சுவர் ஆரம்பித்தது.
மிதிகளை எண்ணினேன்.
அறுபத்தொன்று, இன்னும் அதே சுவர்.
முன்வாசல் ஒரு தெருவில்
பின்வாசல் அடுத்த தெருவில்
நடுவில் எத்தனை முற்றமோ, எத்தனை பூட்டோ.
கப்பலில் வந்த தேக்கெல்லாம்
உள்ளே தூணாக நிற்குமாம்.
வந்து சேர்ந்துவிட்ட மரம்.
அதன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

செட்டிநாடு என்று மஞ்சள் பலகை வைத்த ரயில் நிலையம்.
ஏறி உட்கார்ந்தால் ராத்திரிக்குள் வீடு.
சைக்கிளை ஏற்றுவீர்களா என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏற்றியிருப்பார்கள்.

பள்ளத்தூருக்குச் சற்று முன்
கண்மாய்க் கரையில் பின்சக்கரம் குழைந்தது.
சீமைக்கருவேல முள், விரல் நீளம்.
கண்மாய் நிறைய அதுதான்
தண்ணீர் இருக்க வேண்டிய மட்டம் வரைக்கும்.
பஞ்சர் ஒட்டும் வீடியோவை ஏழு முறை பார்த்திருந்தேன்.
அதில் வருகிறவனுக்குக் கை வியர்க்காது.
டயரை நெம்பும் பிளாஸ்டிக் குச்சி
அவனுக்கு உடையாது.
எனக்கு இரண்டும் உடைந்தன.
சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு
செம்மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.
அழவில்லை. மூக்கு ஒழுகியது.

நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு
அரசாங்க சைக்கிள்கள் வரிசையாக வந்தன.
ஒன்று நின்றது.
கேரியரில் இருந்த பெண் இறங்கி
என்னையல்ல, பல்சக்கரங்களை எண்ணினாள்.
ஓட்டி வந்தவள்
டிபன் டப்பாவைத் திறந்து கரண்டியை நீட்டினாள்.
எவர்சில்வர். காம்பில் ஊசியால் கொத்திய பெயர்
அழகுமீனாள்.
புளிச்சாத வாசனையோடு டயர் கழன்றது.

எங்க போறீக அக்கா?

நான் காற்றடித்துக்கொண்டே
பள்ளத்தூர் என்றேன்.

அந்தா தெரியுதே, அதுக்கா இம்புட்டு மூட்டை?

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு
கியர் இல்லாத சைக்கிளில்
எழுந்து நின்று மிதித்துப் போனார்கள்.
நான் அவர்களைப் பிடிக்கவே இல்லை.

காரைக்குடி லாட்ஜில் பையைக் கவிழ்த்தபோது
சோப்பு, சார்ஜர், வரைபடம்,
நடுவில் அந்தக் கரண்டி.
கழுத்து லேசாக வளைந்து
ஓரத்தில் ரப்பர்க் கறுப்பு.
அதைப் பல் துலக்கும் பேஸ்ட்டால் தேய்த்தேன்.
நிமிர்த்தப் பார்த்தேன்.
முழுதாக நிமிரவில்லை.

நாலாம் நாள் விடியலில்
கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன்
நாச்சான் கேட்டார்,
இவ்வளவு வெள்ளனா எங்கம்மா?

தெற்கே இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.
நான் வந்த பக்கமே கையைக் காட்டி
பள்ளத்தூருக்கு என்றேன்,
ஒரு கரண்டி குடுக்கணும்.

சரி, மணி அடிக்கிறதுக்குள்ள போயிருங்க, என்றார்.
தனியாவா என்று
அவர் கேட்கவில்லை.