இரண்டு விரற்கடை

குத்தாயிசியில் எங்கள் கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்கள்
ஜும்பெரின் முகத்தைப் பார்த்ததில்லை.
அவன் தலை எப்போதும் அடுப்புக்குள்.
ஆள் உயரப் பானை போலக் களிமண் அடுப்பு;
அதன் உட்சுவரில் மாவை அறைந்து ஒட்ட
இடுப்புவரை கவிழ வேண்டும்,
கால்விரல்கள் மட்டும் வெளியே நிற்க.
இருபத்தாறு வருடம்
ஜன்னலில் சில்லறை எண்ணியபடி நான் பார்த்தது
அவனுடைய இரண்டு குதிகால்களை,
அந்தரத்தில்.

செருப்புத் தைக்கிற ஒத்தாரி கேட்பான்:
"இசோல்டா, உன் புருஷன் நடக்கிறானா, பறக்கிறானா?
குதி அப்படியே புதுசு, முன்பக்கம் ஓட்டை."
சிரித்தோம்.
பிறகு இடது பாதத்தின் வளைவு
மழையில் விட்ட அட்டைப்பெட்டி போல உட்கார்ந்துபோனது.
ரியோனிப் பாலத்தைக் கடக்க
அவனுக்கு மூன்று நிறுத்தங்கள்.

டாக்டர் லமாரா பாதத்தை உள்ளங்கையில் வாங்கி,
முழங்காலை நீட்டச் சொல்லி, மேலே தள்ளினாள்.
வரவில்லை.
முழங்காலை மடக்கித் தள்ளினாள்.
வந்தது, பழகிய நாய் மாதிரி.
"கெண்டைக்காலில் ரெண்டு சதை. மேலே இருப்பது
முழங்காலைத் தாண்டிப்போய்த் தொடை எலும்பைப் பிடித்திருக்கிறது.
இறுகிக் கிடப்பது அதுதான்.
கீழே இருப்பதன் மேல் குற்றமில்லை."
கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"கணுக்கால் மடங்க மாட்டேன் என்றது.
ஆனால் நடந்தாக வேண்டுமே.
நடுப்பாதம் மடங்கிக் கொடுத்துவிட்டது."

நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.
ஒன்று மடங்க மறுக்க
இன்னொன்று மடங்கிக் கொடுக்கிற கதை
எனக்குப் புதிதில்லை.

இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்ததாம்.
விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.
கெண்டைக்காலின் உட்பக்கம் சின்னக் கீறல்.
சதையைத் தொடவில்லை.
அதன்மேல் வெள்ளையாய் இழுத்துக் கட்டிய தகட்டை மட்டும்
குறுக்கே அறுத்து, பாதத்தை மேலே தள்ள,
விலகியது.
உள்ளே கெண்டை கெண்டையாகவே கிடந்தது,
தூண்டில் கயிறு மட்டும் தளர்ந்து.
"எவ்வளவு?" என்று மேஜையிலிருந்தே கேட்டானாம்.
"இரண்டு விரற்கடை."
"அவ்வளவுதானா!"
குதி எலும்பையும் வெட்டி நகர்த்தி ஒரு திருகு போட்டார்கள்.
அது ரம்பம்.
அதைப் பற்றி அவன் பேசுவதில்லை.

ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது.
அடுப்பு காத்திருக்குமா?
ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நான் கவிழ்ந்தேன்.
புருவம் கருகியது; முதல் நாளே ஒன்பது ரொட்டி
சுவரை விட்டுச் சாம்பலில் விழுந்தது.
அவன் ஜன்னலில்,
கட்டுப் போட்ட காலை மாவு மூட்டைமேல் நீட்டி,
சில்லறையைத் தப்பாக எண்ணிக்கொண்டு.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து கத்தினான்:
"இசோல்டா! குதிகாலைக் கீழே வை!"
"வைத்தால் எட்டாது!"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மதியம் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு
அடுப்பின் ஓரமாகச் செங்கல் அடுக்கி
ஒரு பலகை போடச் சொன்னான்.
ஏறி நின்றேன். எட்டியது.

இருபத்தாறு வருடம்.
யாருக்கும் தோன்றவில்லை.
அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்த
எனக்கும்தான்.

ஜன்னலில் வாடிக்கைக்காரி ஒருத்தி
அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்:
"வேலைக்குப் புதிதா?"
அடுப்புக்குள், தலைகீழாக,
நான் சிரித்த சிரிப்பில்
இன்னொரு ரொட்டி விழுந்தது.