பத்துக் குழி

ரந்தாவ் ஆலையில் எனக்குக் குலை பார்க்கும் வேலை.
லோரி கொட்டியதும் கொக்கியால் புரட்டுவேன்.
பழம் உதிர்ந்த குழி பத்து இருந்தால் பழுத்தது,
இல்லாவிட்டால் காய்.
"ராத்திரி மழைக்கா, அதான் கறுப்பாத் தெரியுது" என்பான் சன்னாசி.
மழை பழத்தைக் காயாக்காது, சன்னாசி.
மூன்று விழுக்காடு போத்தோங்.
கையெழுத்து. அடுத்த லோரி.

ராத்திரியில் வேறு குலை.
கைப்பேசியில் கீழே, கீழே, கீழே இறங்கும் படக்கதைகள்.
வாரம் நான்கு படிப்பேன், ஒன்றைப் பற்றி எழுதுவேன்.
அங்கே என் பெயரும் கொக்கிதான்.
கை வரையத் தெரியாமல்
எல்லாரையும் சட்டைப்பைக்குள் கை விட்டு நிற்க வைப்பவர்,
ஏழு பெண்களுக்கும் ஒரே மூக்கு வைப்பவர்,
எட்டாம் பாகத்தில் செத்தவனுக்குப்
பதினொன்றில் கோப்பி ஊற்றிக் கொடுப்பவர்,
ரப்பர் மரத்தில் வெட்டுக்கோட்டை
வலமிருந்து இடமாக இறக்குபவர்
(ஒரு மரத்தையாவது போய்ப் பார்த்திருக்கலாம்),
ஒருவரும் தப்பியதில்லை.

பாராட்டி எழுதினால் நாற்பது பேர் படிப்பார்கள்.
கிழித்து எழுதினால் நானூறு.
இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது என்று
சொல்ல மாட்டேன்.

'பெரட்டு' என்று ஒரு தொடர்.
வரைபவர் பெயர் ஒட்டுப்பால்.
ஆணா பெண்ணா, ஈப்போவா கூலாயா, யாருக்கும் தெரியாது.
பத்தொன்பதாம் பாகத்தில்
ஒருத்தி ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு
வேலைக்குப் போகிறாள்.
அப்புறம் வெள்ளை.
கட்டைவிரல் மூன்று தரம் தள்ளியும் வெள்ளை.
அப்புறம் கொட்டகை வாசல்,
சின்னதாய் ஒற்றைச் செருப்பு,
கூட்டம்.

நான் எழுதினேன்:
"பின்னணி வரையச் சோம்பல்படுகிறவர்கள்
அதற்கு மௌனம் என்று பெயர் வைக்கிறார்கள்."
நல்ல வரி. எனக்கே பிடித்திருந்தது.
அறுநூறு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இருபதாம் பாகத்தில் வெள்ளையே இல்லை.
மரம், மரத்துக்குப் பின்னால் மரம்,
மேகம், காக்கை, தார்ச்சாலை,
கூரைத் தகரத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல்.
இழவு வீட்டில் ஒருத்தி அழுகிறாள்,
அவளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.
கடைசிக் கட்டத்தின் மூலையில் எறும்பு எழுத்தில்
'கொக்கிக்கு நன்றி'.

கிண்டலாக இருந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

போன செவ்வாய் இடி இறங்கி மின்சாரம் போனது.
சிக்னல் ஒரே கோடு.
எதற்கோ பத்தொன்பதை மறுபடி திறந்தேன்.
படம் ஒரு விரற்கடை வந்தது, நின்றது.
அவள் முதுகு.
கொட்டகைக் கதவு.
வெள்ளை.
காற்றாடி ஓடவில்லை.
கால்வாயில் தவளைகள்.
தள்ள ஒன்றும் இல்லை, தள்ளினாலும் வராது.
கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியாது.
அந்த வெள்ளைக்குள்ளேதான் எங்கோ
மரம் மரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள்,
பால் வாளி நிறைகிறதா என்று பார்க்கிறாள்,
ஒருவேளை சிரிக்கிறாள்.
ஒரு மரத்தை வரைந்திருந்தாலும்
அவளை எட்டிப் பார்த்தவளாகியிருப்பேன்.

மறுநாள் எழுதினேன்,
தப்பு என் விரலில், படத்தில் இல்லை என்று.
வெள்ளையைத் திரும்ப வையுங்கள் என்று.
முப்பத்தேழு பேர் படித்தார்கள்.
அதில் ஒட்டுப்பால் உண்டா, தெரியவில்லை.
இருபத்தொன்று இன்னும் வரவில்லை.

காலையில் சன்னாசியின் லோரி.
ஒரு கறுத்த குலையைப் புரட்டிக் குழி எண்ணினேன்.
ஒன்பது.
"போத்தோங்தானே" என்று அவனே சொல்லிவிட்டு
பீடியைப் பற்றவைத்தான்.
இரு என்றேன்.
குனிந்து, முள் குத்தக் குத்த,
முதலிலிருந்து எண்ணுகிறேன்.