எவ்வளவு விடுவது

அக்கரைப்பற்றுக் கடையில் மூன்று தவளைகள் தொங்கின:
பச்சை, மஞ்சள், கறுப்பு.
வயிறு ரப்பர், பின்னங்கால் நூல் குஞ்சம்,
முதுகோடு ஒட்டிப் படுத்த இரட்டை முள்.
விரலால் அமுக்கிப் பார்த்தேன்,
முள் தலைகாட்ட எவ்வளவு அழுத்தம் வேண்டுமென்று.
திங்கள் முதல் வெள்ளி வரை
காப்புகளின் பூட்டை இப்படித்தான் அமுக்குகிறேன்,
அடகுப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால்.

கறுப்பை வாங்கினேன்.
விரால் கீழிருந்து பார்க்கிற மீன்;
விடிந்தும் விடியாத வானத்துக்கு எதிரே
கறுப்புத்தான் துலங்கும்.
பச்சை, வாங்க வருகிறவனைப் பிடிப்பதற்கு.

தங்கூசியா பின்னல் நூலா என்று ஒரு கிழமை யோசித்தேன்.
தங்கூசி இழுபடும், மன்னிக்கும்,
தாமரைத் தண்டில் உரசினால் அறும்.
பின்னல் தண்டையே அறுக்கும்,
கை செய்கிற பிழை ஒன்றையும் பொறுக்காது.
பின்னல்தான் எடுத்தேன், நாற்பது றாத்தல்.
ரீலின் இறுக்கத்தை வீட்டிலேயே தராசில் கட்டி இழுத்து
மூன்று கிலோவில் நிறுத்தினேன்:
அதற்கு மேல் இழுத்தால், விடும்.

இறக்காமக் குளம், சனிக்கிழமை, ஐந்தே முக்கால்.
சுபஹுத் தொழுதுவிட்டு வந்த ஆதம்பாவா
தோணிக்குள் நின்ற தண்ணீரைப்
பெயின்ட் வாளி மூடியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.
என் பெட்டியைப் பார்த்தார்.
"இவ்வளவும் ஒரு மீனுக்கா, பேங்க் தம்பி?"
அவருடையது ஒரு போத்தல், அதில் சுற்றிய தங்கூசி,
ஒற்றை முள், சிரட்டையில் மண்ணோடு புழு.

நான் அவரிடம் சொல்லாதது:
செவ்வாய்க்கிழமை ஏலப் பட்டியலில் பதினேழாவது
உம்முசல்மாவின் அட்டியல்.
அறிவித்தல் கடிதத்தின் முத்திரையை நனைத்தது என் நாக்கு.
அவர் என்னிடம் சொல்லாததும் அதுதான்.
தோணி சிறியது.
இரண்டு பேரும் அதில் கால் படாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆத்துவாழைத் திட்டைத் தாடையால் காட்டினார்.
தண்ணீரில் எறியவில்லை, இலைமேல் எறிந்தேன்.
தவளை கிடந்தது, ஒரு மூச்சு நேரம்.
கம்பு நுனியால் இரண்டு தட்டு. நிறுத்தம். ஒரு தட்டு.
இலை முடிகிற இடத்தில் தண்ணீர் வெடித்தது.
இரண்டு எண்ண வேண்டும், வாய் மூடும் வரை.
தெரியும்.
லட்சம் லட்சமாக எண்ணுகிற கை
இரண்டு எண்ணவில்லை.
தவளை பறந்து வந்து என் காதை உரசிப் போனது.
அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
ஓரிடத்தில் சிவப்பாகப் பொங்கியது குஞ்சுக் கூட்டம்.
அதன்மேல் எறிந்தால் தாய் அடித்தே தீரும்.
அவர் துடுப்பை மறுபக்கம் மாற்றினார்,
நானும் ஏனென்று கேட்கவில்லை.

வெயில் ஏறி, போதும் என்று நினைத்த எறிதலில்
அடித்தது.
ஒன்று.
இரண்டு.
கம்பை நிமிர்த்தினேன்.
நூல் தாமரைக் காட்டை நோக்கிச் சீறியது.
என் விரல்கள் தாமாகவே இறுக்கத் திருகியைத் தேடின.
"உடுங்க தம்பி," என்றார். "கொஞ்சம் உடுங்க."
மீனைப் பற்றி மட்டும்தான் சொல்கிறாரா என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
விட்டேன்.

தண்டுகளுக்குள் போய் நின்றுவிட்டது.
இழுத்தால் அசையவில்லை, தளர்த்தினால் அசையவில்லை.
நாலு நாள் முன் முதலை மூக்குத் தெரிந்த இடம்.
அவர் சட்டைக் கையைச் சுருட்டி,
நூலை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே
தோள் வரை தண்ணீருக்குள் போனார்.
வெளியே வந்தபோது
பெருவிரல் விராலின் வாய்க்குள் இருந்தது,
முழங்கையில் அட்டை ஒன்று.

"எவ்வளவு வரும்?"
தொங்கு தராசைப் பிடித்தேன். ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது.
"உங்கட தராசு பிழைக்காதே," என்றார்.

கரையில் மீனை அவர் பக்கம் தள்ளினேன்.
அவர் என் பக்கம் தள்ளினார்.
இரண்டு தரம் நடந்தது இது.
"செவ்வாய் எத்தனை மணிக்கு?"
நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்:
"பத்துக்கு. நீங்க ஒன்பதரைக்கு வாங்க.
வட்டிய மட்டும் கட்டினா, மூணு மாசம் விடலாம்."
அவர் தலையாட்டவில்லை.
மிச்சப் புழுவைக் குளத்தில் கொட்டி
சிரட்டையைக் கழுவினார், உள்ளும் புறமும், மெதுவாக.